96 காடிலாக் ஃபிளீட்வுட் ஸ்லாப் விக்கணும்: முழுசா கொடுக்கவா, பிரிச்சுக் கொடுக்கவா?

நெல்லை_பசடீனா:

வணக்கம். டெக்சாஸ் பசடீனாவுல இருக்கேன். ரிஃபைனரியில பைப்பிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆயாச்சு. எங்கிட்ட ஒரு 1996 காடிலாக் ஃபிளீட்வுட் பிரோம் இருக்கு, அத விக்கணும். வண்டிய பத்தி சொல்லாம விலை கேட்டா யாரும் பதில் சொல்ல முடியாது, அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கிடுங்க.

மாடல் தெரியாதவங்களுக்கு: 93-லேருந்து 96 வரைக்கும் வந்த பெரிய ஃபிளீட்வுட். தனி சேஸிஸ், பின்சக்கர டிரைவ், 225 அங்குல நீளம், அதாவது பதினெட்டே முக்கால் அடி. 5.7 லிட்டர் எல்டி1 வி8, 260 குதிரைத்திறன். இதே டெக்சாஸ் ஆர்லிங்டன் பேக்டரியில செஞ்சது. 96 கடைசியோட அந்த லைனை மூடிட்டு அங்க பெரிய எஸ்யூவி போட ஆரம்பிச்சுட்டாங்க. அதனால இது கடைசி வருஷத்து வண்டி.

2012-ல பியூமாண்ட்ல ஒரு வயசான அம்மாகிட்ட வாங்கினேன். அவங்க வீட்டுக்காரர் ஓட்டுன வண்டி, அப்ப 61,000 மைல், விலை 4,200 டாலர். இப்ப 88,000. வெளிர் நீலத்துல, தூசி படாம, ஒரு குறையும் இல்லாம இருந்துச்சு. அப்படியே விட்டிருந்தா இன்னைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆனா என்கூட பிளாண்ட்ல வேலை பாத்த வெல்டர் ஒருத்தர், ஹூஸ்டன் சவுத் பார்க்ல பிறந்து வளந்தவர், ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்னை மக்ரெகர் பார்க்குக்கு ஸ்லாப் வண்டிங்களப் பாக்கக் கூட்டிட்டுப் போனார். அதோட சரி.

ஸ்லாப்னா ஹூஸ்டன் கறுப்பின மக்கள் வளத்தெடுத்த கார் அலங்காரம். கலிஃபோர்னியா லோரைடர் மாதிரி ஹைட்ராலிக்ல குதிக்காது. பெரிய அமெரிக்க செடானா எடுத்து, ஆழமான காண்டி பெயின்ட் அடிச்சு, பாடிக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்கிற கம்பி ரிம் போடுவாங்க. அந்த ரிம்முக்கு ஸ்வாங்கான்னும் பேரு, எல்போன்னும் பேரு. டிக்கி மேல அஞ்சாவது வீல் ஒண்ண சாய்ச்சு மாட்டுவாங்க. டிக்கியத் திறந்தா உள்ள லைட்டெழுத்துல ஒரு வாசகம் தெரியும். ரோட்டுல வேகமா போறதுக்கு இல்ல, ஆடி அசைஞ்சு போறதுக்கு.

நான் போட்ட செலவு: பெயின்ட் 11,500 (தங்க பேஸ் மேல காண்டி பிராண்டிவைன், அதாவது கருஞ்சிவப்பு), ரிம்மும் வெள்ளையும் மஞ்சளும் கோடு போட்ட வோக் டயரும் 6,800, அஞ்சாவது வீலும் டிக்கி வேலையும் 4,000, சவுண்ட் 3,500, சீட்டு 3,200, மெக்கானிக் வேலை 2,900. வண்டி விலையோட சேத்தா 36,000 சொச்சம். பில்லு எல்லாம் ஃபைல் போட்டு வச்சிருக்கேன், இன்ஸ்பெக்டர் புத்தி.

டிக்கிக்குள்ள சிவப்பு எல்இடியில “பைய வாடே”ன்னு தமிழ்ல இருக்கு. செஞ்ச பையன் ஒரு எழுத்த தலைகீழா ஒட்டி, மறுபடி பிரிச்சு ஒட்டினான்.

இப்ப நாங்க நியூ ஜெர்சி எடிசனுக்கு, மக வீட்டுப் பக்கம் குடி போறோம். அங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல இந்த வண்டி கோட்டுக்குள்ள நிக்காது. நின்னாலும் இந்த ரிம் பக்கத்து வண்டிக்காரன் கால்ல இடிக்கும். விசாரிச்சதுல கார் டீலர் ஒருத்தர் 1,200 டாலர்னார், அதுவும் சிரிச்சுக்கிட்டே. டல்லஸ்ல பழைய காடிலாக் சேக்கிற ஒருத்தர், “ஸ்டாக்கா, பேக்டரியிலேருந்து வந்தபடியே இருந்திருந்தா 14 ஆயிரம் கொடுத்திருப்பேன், இப்ப 7”ன்னார். சவுத் பார்க்லேருந்து ஒருத்தர் ஃபோட்டோவ மட்டும் பாத்துட்டு, முழுசா அப்படியே 19,000, ரொக்கம்னு சொல்றார். சுகர்லேண்ட் நண்பர்கள் எல்லாம் “அந்த ஏரியா ஆளுங்ககிட்ட ரொக்கப் பேச்சு வேண்டாம், ரிம்ம தனியா வித்துட்டு வண்டிய தனியா தள்ளு”ங்கிறாங்க. பழைய அலாய் ரிம், பின்சக்கரத்த பாதி மூடுற ஸ்கர்ட், பழைய ஸ்டீயரிங் எல்லாம் கராஜ்ல பத்திரமா இருக்கு.

30,000 கேக்கலாமா? பிரிக்கிறதா, வேண்டாமா? தமிழ் எழுத்த எடுத்துரணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆஸ்டின்_மதுரக்காரன்:

அண்ணாச்சி, ஃபோட்டோ போடாம இவ்வளவு எழுதினது தப்பு. ஃபோட்டோ!

பேசாம கப்பல்ல ஏத்தி ஊருக்கே கொண்டுபோயிருங்க. டவுன் ரத வீதியில இத ஓட்டினா நெல்லையப்பர் தேர்க்கு போட்டி வந்துரும். இல்லேன்னா ஆன்லைன் ஏல சைட்ல போட்டுப் பாருங்க, அங்க பழைய வண்டிக்கு என்னென்னமோ விலை போகுது.

பாடிஷாப்_செல்வம்:

ஊருக்கு கொண்டுபோற பேச்ச விடுங்க தம்பி. பழைய வண்டிய இந்தியாவுக்குள்ள இறக்கணும்னா மூணு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கணும். இது ரெண்டுலயும் தேறாது.

அண்ணாச்சி, நான் ஹூஸ்டன் டெலிபோன் ரோடு பக்கம் பாடி ஷாப்ல பெயின்டரா இருக்கேன். ஸ்லாப் நிறைய அடிச்சிருக்கேன், ரெண்டு மூணு வாங்கி வித்தும் இருக்கேன். அதனால மனசுல பட்டத சொல்றேன்.

முதல்ல அந்த பில்லு ஃபைல விலை போடுறதுக்கு எடுக்காதீங்க. 36,000-ங்கிறது நீங்க ஆசைக்கு செஞ்ச செலவு. அடுத்தவன் அவன் ஆசைக்குத்தான் காசு கொடுப்பான், உங்க ஆசைக்கு இல்ல. ஆனா ஃபைல தூக்கியும் போடாதீங்க. பெயின்ட் யார் அடிச்சது, என்ன மெட்டீரியல், எத்தன கோட்டுங்கிறதெல்லாம் வாங்குறவன் கட்டாயம் கேப்பான்.

முழுசா, பிரிச்சாங்கிறத நான் இப்படித்தான் பாப்பேன்: கழட்டுனா எது கழண்டு வரும், எது வராது? ரிம்மு, அஞ்சாவது வீலு, டிக்கி பலகை, ஆம்ப்பு எல்லாம் போல்ட் கழட்டுனா வந்துரும். பெயின்ட் வராது. அஞ்சாவது வீலுக்காக டிக்கி மூடியில போட்ட ஓட்டை வராது. டேஷ்போர்ட வெட்டி ஸ்கிரீன் வச்சிருந்தா அதுவும் வராது. இப்ப நண்பர்கள் சொன்னாங்கன்னு ரிம்மயும் வீலையும் கழட்டி வித்துட்டு, பழைய அலாய மாட்டி, ஸ்கர்ட்ட போட்டு நிறுத்துறீங்கன்னு வைங்க. என்ன நிக்கும்? டிக்கியில ஓட்டையோட, ரத்தச் சிவப்புல ஒரு தாத்தா வண்டி. ஸ்டாக் தேடுறவன் பெயின்டப் பாத்து ஓடுவான், ஸ்லாப் தேடுறவன் ரிம் இல்லேன்னு ஓடுவான். ரெண்டுங்கெட்டான். அந்த டல்லஸ்காரர் 7-ன்னது கூட அப்ப 5 ஆயிரும். ரிம்முக்கு தனியா ஒரு 3,500, 4,000 வந்தாலும் மொத்தத்துல 19-ஐ எட்டாது.

வெறும் ரிம் மட்டும் மாத்தி, பெயின்டும் டிக்கியும் தொடாம இருந்திருந்தா நானே பிரிச்சு வில்லுங்கன்னு சொல்லியிருப்பேன். அந்த நிலையில ஸ்டாக் வண்டிக்கு நாடு முழுக்க ஆள் இருக்கு. ஸ்லாப்புக்கு ஹூஸ்டனும் சுத்து வட்டாரமும்தான் சந்தை. சந்தை சின்னது, ஆனா அங்க இருக்கிறவனுக்கு வண்டியோட மதிப்பு தெரியும். அவனுக்குத்தான் இது வண்டி, மத்தவனுக்கு இது வேடிக்கை. ஏல சைட்டுல போட்டா கீழ வேடிக்கை பாக்கிறவன் கமெண்டுதான் நிறைய வரும்.

பெயின்ட பத்தி, இது என் தொழில்ங்கிறதால கூடுதலா சொல்றேன். காண்டிங்கிறது சாதாரண கலர் இல்ல. அடியில தங்க பேஸ், அதுக்கு மேல ஒளி ஊடுருவுற சாயக் கோட்டு, கடைசியா கிளியர்ங்கிற நிறமில்லாத கோட்டு. வெளிச்சம் சாயத்தத் தாண்டி உள்ள போயி தங்கத்துல பட்டு திரும்புறதாலதான் அந்த ஆழம் வருது. ஒவ்வொரு கோட்டு ஏற ஏற நிறம் கருத்துக்கிட்டே போகும். அதனால ஒரு கதவுல கீறல் விழுந்தா அந்த இடத்த மட்டும் தொட்டு சரி பண்ண வழியே இல்ல. கதவு முழுக்க அடிச்சாலும் பக்கத்து பேனலோட சேராது, அந்தப் பக்கமே அடிக்கணும். இன்னொண்ணு, இந்த ஊர் வெயில்ல சாயம் வெளுக்கும். பானட், கூரை, டிக்கி மூடி இந்த மூணுதான் முதல்ல போகும். விவரமான ஆள் வந்தா கதவத் திறந்து ரப்பர் பீடிங்க ஒதுக்கி, இடுக்குல இருக்கிற நிறத்தயும் கூரை நிறத்தயும் ஒப்பிட்டுப் பாப்பான். அவன் பாக்கிறதுக்கு முன்னாடி நீங்க பாத்துருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா அதையே ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, அந்த ஒரு ஃபோட்டோ பேசுற மாதிரி நூறு வரி விளம்பரம் பேசாது.

ரிம் பழைய 84-ஆ, புதுசா? 1983, 84 மாடல் காடிலாக்குக்காக கிரேகர் கம்பெனி செஞ்ச 30 கம்பி ரிம்தான் இதுக்கெல்லாம் மூலம். 83-ஐ விட 84 இன்னும் வெளிய துருத்தும், அதனால கிராக்கி. ஒரு காலத்துல இந்த ஊர்ல அசல் 84 செட்டுக்காக ஆளையே சுட்டிருக்காங்க. இப்ப புதுசாவே செஞ்சு விக்கிறதால அந்த வெறி குறைஞ்சிருக்கு. திருட்டு நிக்கல. எதுவா இருந்தாலும் உண்மையச் சொல்லி வில்லுங்க. ரிம்மோட உள்பக்கத்தப் பாத்தே அவங்களுக்குத் தெரிஞ்சுரும்.

மெக்கானிக்கல்ல மூணு இடம் பாப்பாங்க. ஒண்ணு ஆப்டிஸ்பார்க், அதாவது பிளக்குக்கு கரண்ட பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர். எல்டி1-ல அது முன்னாடி, வாட்டர் பம்புக்கு அடியில உக்காந்திருக்கு. பம்பு ஒழுகுனா கூலண்ட் நேரா அதுமேலதான் விழும், வண்டி இருமும். எப்ப மாத்துனீங்க, பில்லு இருக்கான்னு கேப்பாங்க. ரெண்டாவது பின் ஆக்சில். இவ்வளவு துருத்துற ரிம் போட்டா பாரம் பேரிங்குக்கு வெளிய போயிருது. பேரிங் சத்தம், சீல்ல ஆயில் கசிவு இருக்கான்னு டிரம்முக்கு உள்பக்கம் எட்டிப் பாருங்க. மூணாவது பின்பக்க ஏர் லெவலிங், பாரம் ஏறினா காத்தடிச்சு பின்பக்கத்த தூக்கி நிறுத்துறது. டிக்கி மேல ஒரு முழு வீலு, உள்ள ஸ்பீக்கர் பெட்டி, அந்த கம்ப்ரசர் பாவம் ஓயாம ஓடும். இன்ஜின நிறுத்தி ஒரு ராத்திரி கழிச்சு பின்பக்கம் தொங்காம நின்னா நல்லது.

30 கேக்காதீங்க, கேட்டா ஃபோனே வராது. 24 போடுங்க. 20-க்கு மேல எதுக்கு வந்தாலும் கைகொடுங்க. 19 சொன்னவர் ஏமாத்துக்காரர் இல்ல, சந்தை தெரிஞ்சவர். நேர்ல பாக்காமயே 19 சொல்றார்னா நேர்ல பாத்தா ஏறும். பிராண்டிவைன் வேற. சவுத்சைடுக்கு சிவப்பு, நார்த்சைடுக்கு நீலம்ங்கிறது பழைய வழக்கம், இப்ப அவ்வளவு கறாரா யாரும் பாக்கிறதில்ல, ஆனாலும் உங்க வண்டி வீட்டுக்குத்தான் போகுது.

“அந்த ஏரியா ஆளுங்க”ங்கிற பேச்சு எனக்குப் பிடிக்கல, சொல்லிட்டேன். நான் வேலை பாக்கிறதே அந்த ஆளுங்களுக்குத்தான். பேசின காசத் தராம போனவங்க எனக்கு வேற ஏரியாவுலதான் இருக்காங்க. எவன் வந்தாலும் எடுக்க வேண்டிய ஜாக்கிரதைய எடுங்க: பகல்ல, வெளி இடத்துல காட்டுங்க, வீட்டு கராஜுக்கு கூப்பிடாதீங்க, வீல் லாக் சாவி உங்க பாக்கெட்ல இருக்கட்டும்.

தமிழ் எழுத்து இருக்கட்டும். வாங்குறவன் எப்படியும் அவன் வாசகத்த மாத்திக்குவான். நிறைய பேர் செத்துப்போன சிநேகிதன் பேரப் போடுவாங்க, அம்மா பேரப் போடுவாங்க. அந்த பலகை போல்ட்லதானே நிக்குது?

நெல்லை_பசடீனா:

செல்வம், இப்படி ஒரு பதில் வரும்னு எதிர்பாக்கல. நன்றி.

ரிம் புதுசு, பழைய 84 இல்ல, பில்லு இருக்கு. ஆப்டிஸ்பார்க்கும் வாட்டர் பம்பும் ஒண்ணா மாத்தியாச்சு, பில்லு இருக்கு. டேஷ்போர்ட நான் வெட்ட விடல, ஸ்கிரீன் அஷ்ட்ரே இடத்துல மடிச்சு வைக்கிற மாதிரி இருக்கு. டிக்கி மூடியில நாலு ஓட்டை உண்டு. பலகை போல்ட்தான்.

இன்னைக்கு காலையில கதவத் திறந்து பாத்தேன். நீங்க சொன்ன மாதிரி பீடிங்க ஒதுக்கிப் பாத்தா, கூரை கொஞ்சம் வெளுத்திருக்கு. இத்தன வருஷம் தினமும் பாக்கிற எனக்குத் தெரியல, இடுக்க ஒட்டி வச்சுப் பாத்தாத்தான் தெரியுது. கராஜ்லதான் நிக்கும், ஆனா பிளாண்டுக்கு வாரம் ஒருநாள் எடுத்துட்டுப் போவேன், அங்க பார்க்கிங் பொட்டல். வலது பின் கதவுல கடை டிராலி இடிச்ச கீறல் ஒண்ணு, விரல் நீளம். அத சரி பண்ணிட்டு விக்கவா?

கேட்டி_வாசு:

நான் மாத்துக் கருத்து சொல்றேன். ஃபிளீட்வுட் 96-ங்கிறது கடைசி வருஷம். அந்த அளவு பின்சக்கர டிரைவ் காடிலாக் செடான் அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு வரல. இப்ப நல்ல ஸ்டாக் வண்டி கிடைக்கவே மாட்டேங்குது, பாதி வண்டி லிமோசினாவும் சவ ஊர்தியாவும் போயிருச்சு. 88,000 மைல், டேஷ்போர்ட் வெட்டல, அசல் பாகம் எல்லாம் கைவசம். ஏன் திரும்ப பழைய வெளிர் நீலத்துக்கே கொண்டுவரக்கூடாது? டல்லஸ்காரர் 14-ன்னு சொன்னார் இல்ல, ரிம்ம தனியா வித்தா அதுல 4. மொத்தம் 18. மனநிம்மதியோட விக்கலாமே.

பாடிஷாப்_செல்வம்:

வாசு சார், அந்த 14 “தொடாம இருந்திருந்தா” கொடுக்கிற விலை. திரும்ப அடிச்ச வண்டிக்கு எவனும் அத கொடுக்கமாட்டான். பேக்டரி பெயின்ட்டானு கனம் பாக்கிற மீட்டர் வச்சுப் பாப்பான், மூணு மடங்கு காட்டும். ஒழுங்கா செய்யணும்னா காண்டி முழுக்க உரிக்கணும், கதவு இடுக்கு, டிக்கி உள்பக்கம் எல்லாம் நீலமாக்கணும், ஓட்டைய வெல்டு வச்சு அடைக்கணும், சீட்டு திரும்ப தைக்கணும். என் கடையில இதுக்கு 10,000-க்கு குறைஞ்சு கைவைக்க மாட்டாங்க. 18 வாங்க 10 போடணும். கணக்கு நீங்களே பாருங்க.

அண்ணாச்சி, கீறல தொடாதீங்க. நீங்க சரி பண்ணினா நிறம் சேராம அந்தக் கதவு தனியா தெரியும், அப்புறம் “ஆக்ஸிடென்ட் வண்டியா?”ன்னு கேப்பான். கீறல் கீறலாவே இருந்தா அது டிராலி, அவ்வளவுதான். கூரைய நல்லா பாலீஷ் போடச் சொல்லுங்க, ஆனா கிளியரத் தாண்டி தேய்க்கக்கூடாது. சாயத்துல பட்டா அங்க தங்கம் திட்டா தெரியும், அதோட கதை முடிஞ்சது.

ஸ்காபரோ_குகன்:

வணக்கம் அண்ணை. நான் ரொறன்ரோவில இருக்கிறன். 95 ஃபிளீட்வுட் ஒண்டு வச்சிருந்தனான், உப்பு தின்னு முடிச்சிட்டுது. இஞ்ச பனி காலத்தில ரோட்டுக்குப் போடுற உப்பு அப்பிடி. பெயின்ட் பளபளவெண்டு இருக்கும், லிஃப்டில ஏத்தினா சேஸிஸில விரல் போகும்.

அதால ஒரு விசயம் சொல்லுறன். செல்வம் ஹூஸ்டன் மட்டும்தான் சந்தை எண்டது ஸ்லாப்புக்குச் சரி. ஆனா டெக்சாஸ் வண்டியெண்டா எங்கட பக்கத்து ஆக்கள் முதல்ல கேக்கிறது அடிப்பக்கப் படம்தான். கதவுக்குக் கீழ இருக்கிற ரொக்கர் பனல், பின் வீல் வளைவு, பிரேக் லைன், பெட்ரோல் டாங்க் பட்டி, இதுகள வடிவா எடுத்துப் போடுங்கோ. துரு இல்லாத சேஸிஸுக்காகவே வாங்கிற விசரன்கள் இஞ்ச இருக்கினம், நான் உள்பட. கனடாவுக்கு 15 வருசத்துக்கு மேற்பட்ட வண்டி கொண்டு வாறது லேசு, ஆர்ஐவி எண்ட இறக்குமதி வண்டிப் பதிவு தேவையில்லை. வண்டி அமெரிக்காவை விட்டு வெளிக்கிட 72 மணித்தியாலத்துக்கு முதல், டைட்டில, அதான் வண்டி உரிமைப் பத்திரத்த, அங்கத்தைய கஸ்டம்ஸுக்குக் குடுக்க வேணும், அது வாங்கிறவற்ற வேலை.

எண்டாலும் என்ர விலை உங்களுக்குப் பிடிக்காது அண்ணை. நான் ரிம்மையும் சவுண்டையும் கழட்டிப்போட்டுத்தான் ஓடுவன், அதுக்கு நான் ஏன் காசு தருவன்? சவுத் பார்க் ஆளுக்கே குடுங்கோ. அந்த ஸ்கர்ட் ரெண்டையும் விக்கிறதெண்டா மட்டும் எனக்குச் சொல்லுங்கோ, இஞ்ச அது கிடைக்கிறதில்லை.

மீனா_கணக்கு:

வண்டி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, பேப்பர் பத்தி தெரியும். ஹாரிஸ் கவுண்டியில வருஷா வருஷம் தமிழ் மக்களோட டாக்ஸ் ஃபைல் பண்றவ. அண்ணாச்சி ரொக்கம்னு எழுதினதப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

டைட்டில் உங்க பேர்ல, லோன் இல்லாம, கையில இருக்கான்னு முதல்ல பாருங்க. பியூமாண்ட்ல வாங்கினப்ப அத உங்க பேருக்கு மாத்தினீங்கதானே? டைட்டில் பின்பக்கம் கையெழுத்து, தேதி, அப்புறம் பேர் மாத்துறதுக்கான 130-யு படிவத்துல ரெண்டு பேர் கையெழுத்து. மைலேஜ் அறிவிப்பு 2010-க்கும் அதுக்கு முந்தின மாடலுக்கும் தேவையில்ல, உங்களுக்கு அந்த வேலை மிச்சம். முடிஞ்சா வாங்குறவரோட நீங்களும் கவுண்டி டாக்ஸ் ஆபீசுக்கு நேர்ல போங்க, கவுண்டர்லயே பேர் மாறிரும். அது முடியலேன்னா நம்பர் பிளேட்ட ரெண்டு பக்கமும் கழட்டிக்கோங்க, கண்ணாடி ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்துருங்க. டெக்சாஸ் வாகனத் துறை (டிஎம்வி) சைட்ல வாகன மாற்ற அறிவிப்ப 30 நாளைக்குள்ள போடுங்க. என்னைக் கேட்டா, வித்த அன்னைக்கு ராத்திரியே போடுங்க. இத போடாம விட்டு, வாங்குறவர் பேர் மாத்தாம ஓட்டிக்கிட்டு இருந்தா, டோல் பில்லு எல்லாம் எடிசனுக்கு வரும். எங்கிட்ட வர்ற ஒருத்தருக்கு அப்படி ஒரு கட்டு வந்துச்சு.

வித்த பில்ல எழுதும்போது நிஜ விலைய எழுதுங்க. வாங்குறவர் 6.25 சதவீதம் வரி கட்டணும்ங்கிறதால “5,000-ன்னு போடுங்க அங்கிள்”ன்னு கேப்பாங்க. வேண்டாம். உங்களுக்கு இதுல வரி எதுவும் வராது. வாங்கினதும் செலவழிச்சதும் சேத்து பாத்தா நஷ்டம், சொந்த வண்டி நஷ்டத்த வருமான வரியில கழிக்கவும் முடியாது. ஆக பொய் சொல்லி உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்ல.

எமிஷன் டெஸ்ட் பத்தி கவலை வேண்டாம், 24 வருஷத்தத் தாண்டின வண்டிக்கு இங்க கிடையாது. பழைய சேஃப்டி இன்ஸ்பெக்ஷனும் 2025 ஜனவரியோட தனியார் வண்டிக்கு எடுத்துட்டாங்க.

பணம்: ரொக்கம் தப்பில்ல, அத உங்க பேங்க் கவுண்டர்ல வச்சு எண்ணுங்க. 10,000-க்கு மேல டெபாசிட் பண்ணினா பேங்க்ல ஒரு ரிப்போர்ட் போடுவாங்க, அது சாதாரண விஷயம். அதுக்கு பயந்து பிரிச்சு பிரிச்சு கட்டினாத்தான் குற்றம். கேஷியர் செக், அதாவது பேங்கே எழுதித் தர்ற செக் தர்றேன்னா அவர் பேங்குக்கே கூடப் போயி, கண் முன்னாடி எழுதி வாங்கணும். வீட்டுல வந்து நீட்டுற கேஷியர் செக்க நம்பாதீங்க, போலி நிறைய. இன்ஷூரன்ஸ வண்டி பேர் மாறுற வரைக்கும் நிறுத்தாதீங்க. டெஸ்ட் டிரைவ் போறப்ப நீங்களும் கூட உக்காருங்க.

நெல்லை_பசடீனா:

எல்லாருக்கும் நன்றி. நடந்தத எழுதிடுறேன், பின்னால யாராவது தேடி வந்தா உதவும்.

மீனாம்மா, டைட்டில் என் பேர்லதான், தெளிவா இருக்கு. வாசு சார், நீங்க சொன்னதும் ஒரு ராத்திரி யோசிச்சேன், செல்வம் கணக்கப் பாத்ததும் விட்டுட்டேன்.

சனிக்கிழமை பகல்ல வெல்டர் நண்பரயும் கூட்டிட்டு அந்த சவுத் பார்க் ஆள போலீஸ் ஸ்டேஷன் பார்க்கிங்ல வச்சு சந்திச்சேன். ஆள் ஸ்கூல் பஸ் டிரைவர், அம்பது வயசிருக்கும். பாய் ஒண்ணு கொண்டுவந்திருந்தார். ரேடியோவ போடல, பெயின்ட தடவல, நேரா பாய விரிச்சு வண்டிக்கு அடியில போயிட்டார். அஞ்சு நிமிஷம் காலு மட்டும்தான் தெரிஞ்சுது. வெளிய வந்து பின் ஆக்சில்ல இடதுபக்க சீல் கசியுதுன்னார். இருக்குன்னு எனக்கே அப்பத்தான் தெரியும். அப்புறம் கதவத் திறந்து, செல்வம் எழுதின அதே இடத்துல பீடிங்க ஒதுக்கிப் பாத்தார். நான் முந்திக்கிட்டு “கூரை வெளுத்திருக்கு”ன்னேன். “தெரியுது, ஆனா சொன்னீங்க”ன்னார். டிராலி கீறல் பத்தி கேக்கவே இல்ல.

24-ல ஆரம்பிச்சோம். சீலுக்கும் கூரைக்கும் சேத்து குறைச்சு 21,000-ல முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை என் பேங்க்ல வச்சு பணம், அங்கேருந்து நேரா ரெண்டு பேருமா டாக்ஸ் ஆபீஸ். எழுத்துப் பலகைய கழட்டிக் கொடுக்கவான்னு கேட்டேன், அவர் அம்மா பேரப் போடப்போறாராம், அதனால பலகை எங்கிட்ட வந்துரும்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஸ்கர்ட் ரெண்டும், பழைய அலாய் நாலும் சேத்து கேக்கிறார். ரிம்ம எப்பவாவது மாத்தினா வேணுமாம். அலாய கொடுத்துடலாம். ஸ்கர்ட்ட குகன் தம்பி கேட்டிருந்தார். தனியா 300 சொல்லவா?

பாடிஷாப்_செல்வம்:

கேக்காதீங்க அண்ணாச்சி. 21-க்கு ஆள் வந்திருக்கான், 300-க்காக செவ்வாய்க்கிழமைய கெடுக்காதீங்க. வண்டியோட பொறந்த சாமான் வண்டியோட போகட்டும். கிளிப் எல்லாம் இருக்கான்னு பாத்து, ஒரு கவர்ல போட்டு ஸ்கர்ட்டுக்குள்ளயே டேப் ஒட்டி வச்சுருங்க, அதுதான் எங்கயும் கிடைக்காது. சீல நான் மாத்தித் தர்றேன்னு அவர்கிட்ட சொல்லுங்க, லேபர் வேண்டாம், பார்ட்ஸ் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்க.

ஸ்காபரோ_குகன்:

பரவாயில்லை அண்ணை, குடுத்திடுங்கோ. செல்வம், உங்கட கடையில எப்பவாவது ஒரு சோடி ஸ்கர்ட் கழண்டா எனக்கு எடுத்து வையுங்கோ. எந்த நிறமெண்டாலும் சரி.